அக்காவும் பட்டைத்தூள் சிப்பிகளும்

என் உடன்பிறந்த அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறச் சென்று ஓர் ஆண்டு நிறைகிறது. அவருடைய ஆன்மாவுக்காக நடக்கும் பூசைக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஏதாவது இருக்கட்டும் என்று அத்தான் இந்தச் சிறு மலரை அச்சிடுகிறார். நான் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அக்காவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எதையாவது விட்டிருந்தாலும், எழுத வேண்டாததை எழுதியிருந்தாலும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மணப்பாட்டில் பிறந்தார். எங்கள் அப்பா உடன்குடியில் கருப்பட்டி வாங்கித் தோணியில் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரம் செய்தவர். வீட்டின் பாதி அறைகளில் கருப்பட்டிச் சிப்பங்கள்தான் இருக்கும். நாங்கள் இருவர் மட்டுமே பிள்ளைகள். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். அப்பாவின் சரக்கு ஏற்றிய தோணி ஒரு புயலில் கடலோடு போனது. ஆட்கள் கரை சேர்ந்தார்கள், சரக்கு சேரவில்லை. அதன் பிறகு வியாபாரம் நிமிரவில்லை. அக்கா பள்ளியிலிருந்து நின்றுகொண்டார். அதைப் பற்றி ஒரு நாளும் அவர் குறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பதினேழு வயதில் அக்காவுக்குத் தூத்துக்குடியில் திருமணம் ஆனது. அத்தான் கொழும்புத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகும் தலைவர். அக்கா புகுந்த வீட்டுக்கு வந்த மறு ஆண்டே என்னையும் அழைத்து வந்து கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்தார். கட்டிக்கொடுத்த பெண் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவதை எத்தனை மாமியார்கள் ஒத்துக்கொள்வார்கள்? அக்காவின் மாமியார் ஒத்துக்கொண்டார். அவரை நானும் மாமி என்றுதான் அழைக்கிறேன். மாமி கண்டிப்பானவர். ஆனால் என் தட்டில் சோறு குறைந்ததில்லை. இதை இந்த இடத்தில் எழுதி வைப்பது என் கடமை.

இந்தத் தெருவில் அக்காவை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது கிறிஸ்மஸ் காலத்தில் அவர் பிள்ளைகளோடு செய்த வாசனைச் சிப்பிகளுக்காக. ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து இலவங்கப்பட்டை ஏற்றி வரும் தோணியில், சரக்கு இறக்கிய பிறகு அடித்தட்டில் பட்டைத்தூள் மிஞ்சும். அதைக் கூட்டி எடுத்துக்கொள்வது தோணிக்காரர்களின் வழக்கம். அத்தானும் தம் பங்கை லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டு வருவார். சாக்குநாரும் மரத்தூளும் கலந்திருப்பதால் அது குழம்புக்கு ஆகாது. மாமி அதை அடுப்பில் போடச் சொல்வார். அக்காவுக்கு மனம் வரவில்லை. யுத்தம் தொடங்கி, கடைகளில் வண்ணக் காகிதம் கிடைக்காமல் போயிருந்த சமயம் அது. நட்சத்திரத்துக்கே காகிதம் இல்லை, தோரணத்துக்கு எங்கே போவது? பட்டைத்தூளைப் பிசைந்து சிப்பியில் அழுத்தி எடுத்துக் காயவைத்தால் தொங்கவிடலாமே என்று அக்காவுக்குத் தோன்றியது.

பிசைவதற்குப் பசை வேண்டும். அரிசி மாவு, கோதுமை மாவு எல்லாம் ரேஷனில் அளந்து வாங்கிய காலத்தில் அவற்றைத் தொட முடியாது. அக்கா கருப்பட்டி வியாபாரியின் மகள். கருப்பட்டியைப் பாகு காய்ச்சிப் பிசைந்தார். கெட்டியாக, பளபளப்பாக, அழகான சிப்பிகள் வந்தன. கோயில் குடிலில் வைக்கவும் ஒரு சுளகு நிறையக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலையில் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, நீ குடுத்தனுப்பினியே, அது என்ன சாமான்?"

"ஏன் உபதேசியாரே, உதுந்துட்டா?"

"உதிரல. மூணு ராசாக்கமாரு வாரதுக்கு முன்னால எறும்பு ராசாக்கமாரு வந்து பாலனைக் கும்பிட்டுட்டு நிக்காவ. வந்து பாரு. மாட்டுக்குப் பக்கத்துல ஒரு வரி, சூசையப்பர் தாடியில ஒரு வரி!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமி சிரிக்கவில்லை. "மணப்பாட்டுக்காரிக்கு எதை எடுத்தாலும் கருப்பட்டிதான். நாளைக்கு வீட்டுச் சுவத்துக்கும் கருப்பட்டியைப் பூசுவா" என்றார். அதற்கும் அக்கா சிரித்தார். பிறகு வாளியும் துணியுமாகக் கோயிலுக்குப் போய்க் குடிலைத் துடைத்துவிட்டு வந்தார். சில ஆண்டுகள் வரை தெருவில் அவரை 'எறும்பு ராசாத்தி' என்று கேலி செய்தவர்கள் உண்டு. அவர்கள் இந்த மலரையும் படிப்பார்கள். அக்கா அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு புளியங்கொட்டையைக் கண்டுபிடித்தார். கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் கோந்துபோல ஒட்டும், எறும்பும் வராது. அதில் பட்டைத்தூள், இடித்த கிராம்பு, காயவைத்துப் பொடித்த கிச்சிலிப்பழத் தோல், கொஞ்சம் பூலாங்கிழங்குத் தூள் ஆகியவற்றைச் சேர்ப்பார். பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கிவந்த சிப்பிகளின் உட்புறம் தேங்காயெண்ணெய் தடவி, மாவை அழுத்தி, தட்டி எடுத்தால் வரிவரியாகச் சிப்பி விழும். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கால் ஓட்டை போட்டுவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், வாசமும் போய்விடும். குசினியில் அடுப்புக்கு மேலே உள்ள பரணில் பாய் விரித்துக் காயவைப்பார். மழைக்காலமாதலால் காய்வதற்கு வெகுநாள் ஆகும். அதனால் கார்த்திகை பிறந்ததுமே தொடங்கிவிடுவார். காய்ந்ததும் வலை நூல் கோத்துத் தொங்கவிட வேண்டியதுதான்.

எதை எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு அவரிடம் அளவு கிடையாது. பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து மோந்து பார்த்து, "கிராம்பு", அல்லது "தோல்" என்று சொல்வார். பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து போடுவார்கள். அக்காவின் மகன் சூசையும் மகள் செலினும் மட்டுமல்ல, தெருப்பிள்ளைகள் பலர் வருவார்கள். வந்த பிள்ளை எதுவானாலும் கையைக் கழுவச் சொல்லி ஒரு சிப்பியைக் கொடுப்பார். தோணி, மீன், நங்கூரம் என்று கையால் உருட்டி வைக்கும் பிள்ளைகளும் உண்டு. என்ன வடிவம் என்றே தெரியாவிட்டாலும் அதையும் காயவைத்துக் கட்டித் தொங்கவிடுவார்.

எனக்குத் திருமணமாகி இதே தெருவில் குடித்தனம் வந்த பிறகு, என் மூன்று வயது மகளும் அங்கேதான் கிடப்பாள். அவள் மாவை வாயில் வைத்துவிடுவாளோ, கிராம்புத்தூள் கண்ணில் படுமோ என்று நான் பின்னாலேயே நிற்பேன். அக்கா ஒரு நாள் சொன்னார்: "ஏளா, நீ அவளுக்குக் காவலுக்கு நிக்கியா, இல்ல எனக்கா? உக்காரு. வாயில வச்சா துப்பிருவா. கசக்கும்லா?" அவள் வாயில் வைத்தாள், துப்பினாள். அதன் பிறகு வைக்கவில்லை.

அக்காவுக்கு இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகே மூச்சு வாங்கும் தொல்லை இருந்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சென்ற ஆண்டு மழை தொடங்கியபோது அதிகமானது. உரலில் இடிக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா குசினி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சூசை இடித்தான், செலின் பிசைந்தாள். அக்கா மோந்து பார்த்து மட்டும் சொன்னார். அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாதோ என்று எனக்குப் பயம். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சும்மா படுத்துக் கெடந்தா மட்டும் மூச்சு வந்துருமா?" என்றார். "பிள்ளைய இங்கன இருந்தா எனக்கு நல்லாருக்கும்."

டாக்டரிடம் கேட்டேன். தூளைத் தள்ளி வைத்து இடிக்கச் சொல்லுங்கள், மற்றபடி அவர் விருப்பப்படி இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தோம். சரிதானா என்று இப்போதும் சில நேரம் யோசிக்கிறேன். அந்த நாட்களில் அக்காவின் முகம் தெளிவாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு பிற்பகலில், சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பிறகு, அத்தானும் மாமியும் நானும் அருகில் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

சிப்பிகள் அப்போது பரணில் காய்ந்துகொண்டிருந்தன. அடக்கத்துக்கு வந்த உறவுக்காரர் யாரோ அவற்றைச் சுளகில் வாரி ஒதுக்கி வைத்திருந்தார். பானையில் மிஞ்சிய மாவு பூசணம் பிடித்துப் போனதால் கொட்டிவிட்டோம். கிறிஸ்மஸ் நெருங்கியதும் செலின் கேட்டாள்.

"சித்தி, நூலு கோக்கண்டாமா?"

நான் மாமியைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு நடந்து வருஷம் திரும்பாத வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டோம், குடில் வைக்கமாட்டோம், பலகாரம் சுடமாட்டோம். மாமி அதில் ஓர் அணுவும் விலகமாட்டார். மாமியைக் குறை சொல்லவும் முடியாது. மருமகளை இழந்த வீட்டில் தோரணம் தொங்கினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"ஏதுளா ஜோடனை?" என்றார் மாமி. "அவ போயி மண்ணு கூட காயல."

"தொங்கவிடலன்னா என்ன செய்விய? எறிஞ்சிருவியளா?" என்று சூசை கேட்டான். பத்து வயதுப் பையன், அதுவரை அழாதவன், அன்றைக்குக் குரல் உடைந்து கேட்டான். "அது அம்ம செஞ்சதுல்லா?"

மாமி செபமாலையை எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் இரு பிள்ளைகளும் சரியாகச் சாப்பிடவில்லை. தொங்கவிட்டால் மாமி மனம் நோகும். பூட்டி வைத்தால், அம்மாவோடு செய்த கடைசி வேலையும் அம்மாவோடு போய்விட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். என் வீட்டுக்காரர், சாமியாரிடம் கேள் என்றார். கேட்டேன். திருச்சபை இதற்குச் சட்டம் ஒன்றும் வைக்கவில்லை, வீட்டில் சமாதானம் கெடாமல் பார்த்துக்கொள் என்றார் சாமியார். சமாதானம் கெடாமல் செய்வது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் தொங்கவிடலாமா என்றும் யோசித்தேன். உடன்பிறந்தவள் வீட்டுக்கும் துக்கம்தானே!

திருநாளுக்கு முந்திய நாள் காலையிலிருந்து பலகாரத் தட்டுகள் வரத் தொடங்கின. துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்பதால் தெருவே சுட்டுக் கொடுக்கும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வரும். மற்ற ஆண்டுகளில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பமாட்டோம், நம் வீட்டுப் பலகாரத்தையோ கொஞ்சம் சீனியையோ வைத்து அனுப்புவோம். துக்க வீட்டுத் தட்டு மட்டும் வெறுமையாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வீட்டிலிருந்து திருநாள் வீட்டுக்கு எதுவும் போகக்கூடாது என்பார்கள்.

எதிர்வீட்டு லூர்தம்மாள் அக்காளின் தட்டுத்தான் முதலில் வந்தது. மாமி பலகாரத்தைக் கூடையில் தட்டிவிட்டு, தட்டைக் கழுவிச் செலினிடம் கொடுத்தனுப்பினார். நான் அக்கா வீட்டு முற்றத்தில் என் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். செலின் தெருவில் இறங்கியபோதுதான் கவனித்தேன், தட்டின் நடுவில் ஒரு பட்டைச் சிப்பி இருந்தது. நூலும் கோத்திருந்தது.

சீப்பைப் போட்டுவிட்டு எழுந்தேன். லூர்தம்மாள் அக்காளின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, மாதம் நிறைந்து அந்த வீட்டில் இருந்தாள். சாவு விழுந்த வீட்டிலிருந்து, இறந்தவர் கையால் செய்த பொருள் அங்கே போகிறது. கூப்பிட்டு நிறுத்தவா, விட்டுவிடவா என்று நினைப்பதற்குள் செலின் வாசல் ஏறிவிட்டாள். நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் நடையில் நின்றேன்.

லூர்தம்மாள் அக்காள் தட்டைப் பார்த்தார். சிப்பியை எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"ஏளா, இது ஒங்கம்மை கைபட்டதா?"

"ஆமா அத்தை. அம்ம மோந்து பாத்துச் சொன்னா, நான் பிசைஞ்சேன். ஓட்டை நான் போட்டது."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் செலினை அழைத்துக்கொள்ளலாம் என்று படியில் கால் வைத்தேன். அதற்குள் அவர் உள்ளே திரும்பி மகளைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏளா, சும்மா உக்காந்திருக்கியே, அந்தச் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துட்டு வா. நட்சத்திரத்துக்குக் கீழே அடிக்கணும்."

அந்த நிறைசூலிப் பெண்ணே வந்து ஆணியை நீட்டினாள். சிப்பி அவர்கள் நிலைப்படியில் தொங்கியது.

திரும்பிப் பார்த்தேன். மாமி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. "மாமி, நான் அனுப்பல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றார் மாமி. பிறகு உள்ளே போகும்போது, "சூசைய கூப்பிடு. பரணுல இருந்து அந்தச் சுளகை இறக்கச் சொல்லு. அடுத்த தட்டு வருதுல்லா?" என்றார்.

அன்று மாலைவரை பிள்ளைகள் இருவரும் நூல் கோத்தார்கள். வந்த தட்டு ஒவ்வொன்றும் ஒரு சிப்பியோடு திரும்பியது. சில வீடுகளில் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொரு தட்டு போகும்போதும் நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தட்டும் சிப்பியோடு திரும்பி வரவில்லை. அன்றிரவு பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு நடந்து போனபோது எங்கள் இரு வீட்டு வாசல்கள் மட்டும் வழக்கப்படி வெறுமையாக இருந்தன. மற்ற வாசல்களில் எல்லாம், மழை ஈரக் காற்றில், அக்காவின் சிப்பிகள் தொங்கின. செலின் வழிநெடுக, "அது மீனு. அது நான் செஞ்ச தோணி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாமி அவள் கையைப் பிடித்திருந்தார்.

லூர்தம்மாள் அக்காளின் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. தாயும் பிள்ளையும் நலம்.

அக்காவின் பிள்ளைகள் இப்போது பகலில் என்னிடமும் இரவில் மாமியிடமும் இருக்கிறார்கள். அத்தான் கடலுக்குப் போய்வருகிறார். அக்காவைப் போல என்னால் பிள்ளைகளை வளர்க்க முடியுமா என்று தெரியாது, முயன்று வருகிறேன்.

அக்காவின் நோயில் நேரம் பாராமல் வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், கடைசி நேரத்துத் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுத்து ஆறுதல் சொன்ன சாமியார் அவர்களுக்கும், மழையில் பெட்டியைச் சுமந்து வந்த தோணிக்காரச் சகோதரர்களுக்கும், துக்கத்தின் எட்டு நாளும் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த தெருவினருக்கும், மணப்பாட்டிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தட்டில் வந்ததைத் தள்ளாமல் வாங்கி, ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக நன்றி சொல்கிறேன். அன்று யாராவது ஒருவர் முகம் சுளித்திருந்தால் இந்தப் பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்களோ!

இன்றைய பூசையோடு துக்கம் கழிகிறது. பிள்ளைகள் இந்த ஆண்டு மறுபடியும் மாவு பிசையத் தொடங்கியிருக்கிறார்கள். மாமியே புளியங்கொட்டை வறுத்துக் கொடுத்தார். ஆனால் வாசம் சரியாக வரவில்லை என்று செலின் சொல்கிறாள். கிராம்பு கூடுதலா, தோல் குறைவா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பார்த்துச் சரிசெய்ய எங்களிடம் அக்கா செய்தது ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் தட்டுகளில் போய்விட்டன.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நிலைப்படியிலோ அலமாரியிலோ சென்ற ஆண்டுச் சிப்பி இன்னும் இருக்குமானால், தயவுசெய்து ஒரு நாள் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். உடைக்கமாட்டோம். செலின் மோந்து பார்த்துவிட்டு, உங்கள் தட்டிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தருவாள்.